மாறுபட்டோரை மதித்த திரு.வி.க.

நுழையும்முன்

அரசியல் மேடையில் ஒருவர் கருத்தை ஒருவர் கடுமையாக மறுத்தவர்கள், மேடையை விட்டு இறங்கியதும் ஒரே வீட்டில் தங்கி உண்டு உறவாடிய காலம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. தமிழ்த்தென்றல் எனப் போற்றப்பெறும் திரு.வி.கலியாணசுந்தரனார் அக்காலத்தின் மனிதர். தமிழ் உரைநடைக்கும் தொழிலாளர் இயக்கத்திற்கும் அவர் ஆற்றிய தொண்டு பலரும் அறிந்தது. தம்மோடு உடன்படாதவர்களிடம் அவர் எவ்வாறு பேசினார், எவ்வாறு பழகினார் என்பதையே இப்பாடம் எடுத்துக்கொள்கிறது.

கலைக்கச் சென்றவர்

திருவாரூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த துள்ளம் என்னும் சிற்றூரில் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் திரு.வி.க. பிறந்தார். தந்தையார் விருத்தாசலனார், தாயார் சின்னம்மாள். பின்னர்க் குடும்பம் சென்னை இராயப்பேட்டையில் குடியேறியது. அங்கிருந்த வெசுலி பள்ளியில் பயின்றபோது யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் நா.கதிரைவேற்பிள்ளை அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். திரு.வி.க.வின் தமிழறிவுக்கும் சைவப் பற்றுக்கும் அடித்தளம் இட்டவர் அவரே.

அந்நாளில் சென்னையைக் கொதிக்கச் செய்த சொற்போர் ஒன்று உண்டு. வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று ஒரு சாராரும், அவை அருட்பா ஆகா, மருட்பாவே என்று மற்றொரு சாராரும் மேடைதோறும் மோதிக்கொண்டனர். கதிரைவேற்பிள்ளை மருட்பாக் கட்சியின் தலைமைப் பேச்சாளர். அருட்பாவின் பக்கம் நின்று அவரை எதிர்த்தவர், பிற்காலத்தில் மறைமலையடிகள் எனப் பெயர் பெற்ற வேதாசலனார். பூசல் நீதிமன்றம் வரை சென்றது. ஆசிரியர் மீது தொடுக்கப்பட்ட வழக்கில் மாணவர் அவர் பக்கம் நின்றார். நீதிமன்றத்திற்குச் செல்ல வேண்டியிருந்ததால் 1904ஆம் ஆண்டு தேர்வு எழுதும் வாய்ப்பு கைநழுவியது. திரு.வி.க.வின் பள்ளிப் படிப்பு அத்தோடு முடிந்தது. பிறரோடு பூண்ட ஒரு கருத்துப் பகைக்கு அவர் கொடுத்த முதல் விலை அது. பின்னாளில் அவரே இராமலிங்க அடிகளின் உள்ளத்தைப் போற்றி நூல் எழுதினார் என்பதையும், மறைமலையடிகளோடு ஒரே மேடையில் அமர்ந்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

இளமைப் பருவத்துச் செய்தி இன்னொன்றும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் பௌத்த சங்கத்தார் கூட்டங்கள் நடத்தி வந்தனர். அயோத்திதாசப் பண்டிதர், பேராசிரியர் இலட்சுமி நரசு, சிங்காரவேலர் முதலியோர் அவ்வியக்கத்தில் முன்னின்றனர். சாதியையும் சடங்கையும் மறுக்கும் அப்பேச்சுகள் சைவப் பற்றுடைய இளைஞர்க்குச் சினமூட்டின. அவர்கள் குழுவாகச் சென்று கூட்டத்தில் குழப்பம் விளைவிப்பர். திரு.வி.க.வும் அவ்வாறு கலைக்கச் சென்றவர்களுள் ஒருவர். சென்ற இடத்தில் சிங்காரவேலர், உயிர்களின் தோற்றம் பற்றிய டார்வினின் கொள்கையை விளக்கிக்கொண்டிருந்தார். கூச்சலிடச் சென்ற இளைஞரின் காதில் அந்த விளக்கம் விழுந்தது. அது அவரைப் பிடித்து நிறுத்தியது. பிறகு அவர் கலைப்பதற்காகச் செல்லாமல், கேட்பதற்காகச் சென்றார்.

இந்நிகழ்ச்சியை உலகுக்குச் சொன்னவர் திரு.வி.க.வே. 1944ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வாழ்க்கைக் குறிப்புகள் என்னும் நூலில் இளமையின் முரட்டுத்தனத்தை அவர் மறைக்கவில்லை. சிங்காரவேலர் கடவுளை ஏற்காதவராகவே கடைசி வரை வாழ்ந்தார், திரு.வி.க. முருகனை மறவாதவராகவே வாழ்ந்தார். ஆயினும் பின்னாளில் தொழிலாளர் பணியில் இருவரும் தோழராயினர். இருவருள் எவரும் மற்றவரைத் தம் வழிக்கு இழுத்து முடித்த பிறகுதான் சேர்ந்து உழைப்பது என்று காத்திருக்கவில்லை.

நாயரிடம் கேட்ட வினா

வாழ்க்கைத் தேவைக்காகச் சில காலம் வணிக நிறுவனத்தில் கணக்கெழுதிய திரு.வி.க., பின்னர் ஆயிரம் விளக்கில் வெசுலியன் பள்ளி ஆசிரியராகவும், 1916ஆம் ஆண்டு முதல் வெசுலி கல்லூரியில் தமிழாசிரியராகவும் பணியாற்றினார். கிறித்தவச் சமயத்தார் நடத்திய நிறுவனத்தில் திருநீறு அணிந்த சைவர் ஒருவர் மதிப்போடு பணிபுரிந்தார் என்பது இருதரப்பாரின் பண்பையும் காட்டுவதாகும்.

அக்காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரின் தன்னாட்சிக் கிளர்ச்சி நாட்டை எழுப்பியிருந்தது. அவரை வசந்தை அம்மையார் என்று தமிழ்ப் பெயரிட்டு அழைத்த திரு.வி.க. அக்கிளர்ச்சியில் ஈடுபட்டார். அதே நேரத்தில் சர் பி.தியாகராயர், டாக்டர் டி.எம்.நாயர் ஆகியோர் தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தை நிறுவியிருந்தனர். நீதிக்கட்சி என்று மக்கள் அழைத்தது இதனைத்தான். கல்வியும் அரசுப் பணியும் பிராமணரல்லாதார்க்கு உரிய அளவில் கிடைக்கவில்லை. அந்நிலை மாறாமல் தன்னாட்சி வருமானால் அதிகாரம் ஒரு வகுப்பாரிடமே சென்று சேரும் என்பது அவர்களின் வாதம். விடுதலைக் கிளர்ச்சியின் நடுவே வகுப்புக் கட்சி எழுவது அந்நியர் ஆட்சிக்கே துணைபோகும் என்பது காங்கிரசாரின் வாதம். வீட்டுத் திண்ணைகளிலும் தெருமுனைகளிலும் இவ்விரண்டு வாதங்களும் அனல் பறக்க மோதின.

இவ்வேளையில், 1917ஆம் ஆண்டில், திரு.வி.க. டாக்டர் நாயரை நேரில் கண்டு உரையாடினார். நாயர் நெடுங்காலம் காங்கிரசில் உழைத்தவர். அத்தகையவர் அதைவிட்டு நீங்கி வகுப்பின் பெயரால் கட்சி கண்டது ஏன் என்று இளைஞர் வினவினார். மேடையில் சிங்கமென முழங்கும் நாயர், எதிர்க்கட்சி இளைஞரின் வினாவுக்குச் சினங்கொள்ளவில்லை. காங்கிரசில் தாம் பட்ட பாடுகளையும், பிராமணரல்லாதார் புறக்கணிக்கப்பட்டதாகத் தாம் கருதும் நிலைகளையும் எடுத்துரைத்தார். வகுப்பு வழியாக நாடு முன்னேறியதற்கு வரலாற்றில் சான்று உண்டா என்ற அளவுக்கு அவ்வுரையாடல் நீண்டது. முடிவில் இருவரும் தத்தம் கருத்திலேயே நின்றனர். திரு.வி.க. நீதிக்கட்சியில் சேரவில்லை; அதனை எதிர்த்துத்தான் எழுதினார், பேசினார். ஆனால் நாயர் எழுப்பிய குறை உண்மையானது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதே ஆண்டில் காங்கிரசுச் சார்புடைய பிராமணரல்லாதார் சென்னை மாகாணச் சங்கம் என்னும் அமைப்பைத் தொடங்கியபோது அதில் அவரும் பங்கு கொண்டார். மருத்துவத்தை மறுத்தாலும் நோய் இருப்பதை மறுக்காத நிலை அது.

1917ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் தேசபக்தன் நாளிதழ் தோன்றியது. கல்லூரிப் பணியைத் துறந்து திரு.வி.க. அதன் ஆசிரியரானார். நீதிக்கட்சிக்குத் திராவிடன் என்னும் இதழ் இருந்தது. இவ்விரண்டு இதழ்களுக்கும் இடையே நாள்தோறும் எழுத்துப் போர் நிகழ்ந்தது. அப்போரில் தேசபக்தன் பின்வாங்கவில்லை. திரு.வி.க.வின் மென்மையைக் கண்டு அவர் கருத்தில் உறுதியற்றவர் என்று எண்ணுவது பிழை. ஆங்கிலத்தில் அரசியல் பேசுவதே கற்றோர்க்கு அழகு எனக் கருதப்பட்ட நாளில், அரசியலை முழுவதும் தமிழில் பேசியும் எழுதியும் காட்டினார். கல்லாதவரும் கேட்டு விளங்கிக்கொண்டு மறுத்துப் பேச முடிந்தால்தான் அரசியல் உரையாடல் என்பதற்குப் பொருள் உண்டு. இவ்வகையில், உரையாடலில் கலந்துகொள்வோரின் எண்ணிக்கையையே அவர் பெருக்கினார் எனலாம்.

எதிரணியிலிருந்து நீண்ட கை

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாக இதனைக் குறிப்பிடுவர். பி.பி.வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவராகவும் பொறுப்பேற்றனர். அதே ஆண்டில்தான் அவருடைய துணைவியார் கமலாம்பிகை மறைந்தார். ஆறே ஆண்டு இல்வாழ்க்கை. பிறந்த குழந்தைகளும் நிலைக்கவில்லை. திரு.வி.க. மறுமணம் செய்துகொள்ளாமல் பொதுப்பணியிலேயே வாழ்நாளைக் கழித்தார்.

1921ஆம் ஆண்டில் சென்னை பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அவ்வாண்டின் நிகழ்ச்சிகள் துயரமானவை. ஆலைக்குள் மீண்டும் சென்ற தொழிலாளர்க்கும் வெளியே நின்ற தொழிலாளர்க்கும் எழுந்த பகை, சாதிப் பகையாக உருமாறியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தலைவர்களின் இனிய சொல் எல்லாக் காலத்திலும் எல்லாரையும் சென்று சேர்வதில்லை என்பதற்கு அவ்வாண்டு சான்றாயிற்று.

ஆளுநர் வெலிங்டன் திரு.வி.க.வை அழைத்துக் கடுமையாக எச்சரித்தார். அவரை நாடு கடத்தும் எண்ணமும் அரசுக்கு இருந்தது. அப்போது மாகாணத்தில் நீதிக்கட்சி அமைச்சரவை நடைபெற்று வந்தது. அக்கட்சியின் தலைவர் தியாகராயர். தேசபக்தன் நாள்தோறும் யாருடைய கட்சியைத் தாக்கி வந்ததோ, அவரே இப்போது முன்வந்தார். திரு.வி.க.வை நாடு கடத்துவது தகாது என்று ஆளுநரிடம் எடுத்துரைத்துத் தடுத்தார். அரசியல் கணக்கில் பார்த்தால், தம்மை ஓயாது எதிர்க்கும் ஒரு நாவும் ஒரு பேனாவும் அகல்வது தியாகராயர்க்கு ஆதாயமே. அவர் அந்த ஆதாயத்தை விரும்பவில்லை. எதிர்த்து எழுதியபோதும் திரு.வி.க. தனிமனித இழிவுரையைத் தவிர்த்து வந்ததே, இப்படியொரு கை எதிரணியிலிருந்து நீள்வதற்கு இடம் வைத்தது என்று கருதத் தோன்றுகிறது.

காஞ்சிபுரத்தில் ஒரு முடிவு

1920ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் திரு.வி.க. நவசக்தி இதழைத் தொடங்கினார். பின்னாளில் கல்கி எனப் புகழ் பெற்ற ரா.கிருஷ்ணமூர்த்தி, 1923ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் அவ்விதழில்தான் பயிற்சி பெற்றார். பிராமணர், பிராமணரல்லாதார் என்னும் பூசல் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. அவ்வாண்டுகளில் நவசக்தி அலுவலகத்தில் அந்தப் பிராமண இளைஞர் ஆசிரியரின் அன்புக்குரியவராக அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

இக்காலத்தில் திரு.வி.க.வுக்கு நெருங்கிய நண்பராக விளங்கியவர் ஈரோட்டு ஈ.வெ.இராமசாமி. நகராட்சித் தலைவர் பதவியைத் துறந்து காங்கிரசில் சேர்ந்தவர். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊரூராக விற்றவர். 1924ஆம் ஆண்டில் கேரளத்து வைக்கத்தில், கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காகப் போராடிச் சிறை சென்றார். அவரை வைக்கம் வீரர் என்று போற்றி எழுதியது திரு.வி.க.வின் பேனா. பட்டம் சூட்டியவரும் பெற்றவரும் ஒன்றரை ஆண்டுக்குள் ஒரே மாநாட்டில் எதிரெதிரே நிற்கப்போகின்றனர் என்பதை அப்போது எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

இடையில் சேரன்மாதேவிக் குருகுலச் சிக்கல் எழுந்தது. வ.வே.சு.ஐயர் நடத்திய அக்குருகுலத்திற்குத் தமிழ்நாட்டுக் காங்கிரசு பொருளுதவி செய்திருந்தது. அங்குப் பிராமண மாணவர்க்குத் தனிப்பந்தி நடைபெற்றது. பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் இவ்வேற்றுமை கூடாது என்று ஈ.வெ.ரா.வும் வரதராசுலுவும் கிளர்ந்தெழுந்தனர். திரு.வி.க.வும் அவர்கள் பக்கமே நின்றார். வ.வே.சு.ஐயர் அவருக்கு அயலவர் அல்லர். தேசபக்தன் ஆசிரியர் பொறுப்பில் திரு.வி.க.வுக்குப் பின் அமர்ந்து, அதில் வந்த எழுத்துக்காகச் சிறை சென்ற தியாகி. அப்படிப்பட்டவரின் செயலை மறுப்பது எளிதாக இருந்திருக்காது. எனினும் நவசக்தி தனிப்பந்தியை மறுத்தே எழுதியது. 1925ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாபநாசம் அருவியில் சிக்கிய மகளைக் காக்கச் சென்ற வ.வே.சு.ஐயர் உயிர் துறந்தார். சிக்கல் தீரும் முன்பே அதன் நடுவிலிருந்த மனிதர் போய்விட்டார். மனக்கசப்பு மட்டும் எஞ்சியது.

இக்கசப்பு ஆறாத நிலையில் 1925ஆம் ஆண்டு நவம்பர் மாதம் காஞ்சிபுரத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரசு மாநாடு கூடியது. தலைமை ஏற்றவர் திரு.வி.க. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஈ.வெ.ரா. மக்கள்தொகையில் பெரும்பான்மையாக இருந்தும் கல்வியிலும் பதவியிலும் பின்தங்கிய வகுப்பார்க்குச் சட்டமன்றங்களிலும் அரசுப் பணிகளிலும் உரிய பங்கு ஒதுக்க வேண்டும் என்பதே அத்தீர்மானத்தின் சாரம். முந்தைய மாநாடுகளிலும் இது முன்வைக்கப்பட்டு, ஏதேனும் ஒரு காரணத்தால் தள்ளப்பட்டு வந்தது. ஈ.வெ.ரா.வின் பொறுமை எல்லையைத் தொட்டிருந்தது.

அக்கால மாநாட்டு முறையை இங்கே அறிந்துகொள்ளுதல் வேண்டும். தீர்மானங்கள் முதலில் விஷயாலோசனைக் குழு எனப்பட்ட சிறு குழுவில் ஆராயப்படும். அங்கு ஏற்கப்பட்டவையே பொது மாநாட்டுக்கு வரும். ஈ.வெ.ரா.வின் தீர்மானம் குழுவில் ஏற்கப்படவில்லை. அவர் பிரதிநிதிகளின் ஆதரவுக் கையொப்பங்களைத் திரட்டி, பொது மாநாட்டில் அதனை எடுத்துக்கொள்ளுமாறு கோரினார். இப்போது முடிவு தலைவர் ஒருவரின் கையில் இருந்தது.

தலைவரின் நிலை எத்தகையது என்று எண்ணிப் பார்க்கலாம். தீர்மானத்தின் பின்னிருந்த குறையை அவர் அறிவார்; எட்டு ஆண்டுகளுக்கு முன் நாயரிடம் கேட்டு அறிந்தது அது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் உற்ற நண்பர். அனுமதித்தால் மாநாடும் கட்சியும் பிளவுபடலாம். மறுத்தால் நண்பரை இழக்கலாம். திரு.வி.க. மறுத்தார். குழுவில் தள்ளப்பட்ட தீர்மானத்தைப் பொது மாநாட்டில் எடுத்துக்கொள்வது ஒழுங்குக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தார். ஈ.வெ.ரா. வெகுண்டெழுந்து தம் ஆதரவாளர்களோடு மாநாட்டுப் பந்தலை விட்டு வெளியேறினார். காங்கிரசில் இருந்துகொண்டு சமூக நீதியை அடைய முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்த நாள் அது. தமிழக அரசியலின் போக்கை மாற்றிய நாள்களுள் ஒன்றாக அதனை வரலாற்றாசிரியர்கள் கருதுவர்.

திரு.வி.க.வின் தீர்ப்பு சரியா என்பதில் இன்றளவும் இருவேறு கருத்துகள் உண்டு. விதியைக் காத்தார் என்போர் உளர். விதியின் பெயரால் நியாயமான கோரிக்கைக்குச் செவி மறுத்தார் என்போரும் உளர். வகுப்புவாரி உரிமை என்னும் கருத்து பின்னர் இந்நாட்டின் சட்டத்திலேயே இடம்பெற்றதை நோக்க, இரண்டாவது கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. விவாதிக்க விடாமல் ஒரு தீர்மானத்தை நிறுத்துவதற்கும், விவாதித்துத் தோற்கடிப்பதற்கும் வேறுபாடு உண்டு. உரையாடலை வாழ்நாளெல்லாம் போற்றிய ஒருவர், மிகவும் தேவைப்பட்ட ஓர் இடத்தில் அதற்கு இடமளிக்காமல் போனார் என்று சொல்வோர்க்கு விடை சொல்வது கடினம்.

திருநீறு நீட்டிய கை

பிரிவுக்குப் பின் கடுமையான ஆண்டுகள் வந்தன. ஈ.வெ.ரா.வின் குடிஅரசு இதழ் காங்கிரசையும் சமய நம்பிக்கைகளையும் தாக்கியது, திரு.வி.க.வும் அதன் கணைகளுக்குத் தப்பவில்லை. நவசக்தியும் தன் மறுப்பை எழுதியது. சாதி ஒழிப்பு, பெண்கல்வி, கைம்பெண் மறுமணம் ஆகியவற்றில் சுயமரியாதை இயக்கத்தோடு திரு.வி.க.வுக்கு உடன்பாடு உண்டு. பெண்ணின் பெருமை என்னும் நூலை எழுதியவர் அவர். கடவுள் மறுப்பில் மட்டும் துளியும் உடன்பாடில்லை. உடன்படும் இடத்தையும் முரண்படும் இடத்தையும் ஒன்றோடொன்று குழப்பாமல் பிரித்துக் காண்பது அவருடைய இயல்பாக இருந்தது. ஒரு கருத்தை மறுப்பதற்காக, அதைச் சொன்னவரின் மற்ற நற்செயல்களையும் சேர்த்து மறுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. காங்கிரசில் தீவிரப் பங்கேற்பிலிருந்து அவரும் விரைவில் ஒதுங்கினார் என்பது கவனிக்கத்தக்கது.

நண்பர்கள் இருவரும் சந்திப்பதை நிறுத்தவில்லை. ஒருமுறை திரு.வி.க. ஈ.வெ.ரா.வின் இல்லத்தில் தங்கியிருந்தார். காலையில் நீராடிவிட்டு வந்தவர் முன்னே ஈ.வெ.ரா. தாமே திருநீற்றை ஏந்தி நின்றார் என்று அந்நாளையோர் சொல்வர். திருநீற்றை ஊரெங்கும் மறுத்துப் பேசுபவர், தம் வீட்டுக்கு வந்த நண்பர் அதைத் தேடி இடர்ப்படலாகாது என்று கருதினார். பெற்றுக்கொண்டவர், கொடுத்தவரின் கொள்கை தளர்ந்துவிட்டதாக எண்ணவில்லை. கொடுத்தவரும் தம் கொள்கைக்கு இழுக்கு வந்ததாக எண்ணவில்லை. பூசிக்கொண்டு திரு.வி.க. தம் வழிபாட்டை முடித்திருப்பார். அதன் பிறகு இருவரும் எதைப் பற்றி வாதிட்டனர் என்பதை நம் கற்பனைக்கு விட்டுவிடலாம். வாதிட்டிருப்பர் என்பதில் மட்டும் ஐயமில்லை.

இந்தப் பழக்கம் ஈ.வெ.ரா.விடம் மட்டும் என்று கருத வேண்டா. காந்தியத்தில் ஊறிய திரு.வி.க., மார்க்சின் நூற்கருத்துகளையும் விருப்பத்தோடு கற்றார். பொதுவுடைமையர் கடவுளை மறுப்பதை அவர் ஏற்கவில்லை. ஆயினும் உழைப்பவர்க்கு உரியது கிடைக்க வேண்டும் என்ற அவர்களின் நோக்கத்தில் அருளறத்தைக் கண்டார். மார்க்சியம் உடல் என்றால் காந்தியம் உயிர் என்னும் வகையில் இரண்டையும் இணைத்துப் பார்க்க முயன்றார். அந்த இணைப்பு காந்தியர்க்கும் முழு மனநிறைவு தரவில்லை, மார்க்சியர்க்கும் தரவில்லை. நடுவில் நிற்பவரை இரு பக்கத்தாரும் ஐயுறுவது இயல்பே. அந்த ஐயத்தை அவர் தாங்கிக்கொண்டார்.

இறுதி ஆண்டுகள்

எந்த விடுதலைக்காக உழைத்தாரோ அவ்விடுதலை வந்த 1947ஆம் ஆண்டிலேயே அவருக்கு ஒரு சோதனையும் வந்தது. ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒட்டி, மாகாணத்தை ஆண்ட காங்கிரசு அரசு அவரை வீட்டுக் காவலில் வைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. அந்நியர் ஆட்சியில் நாடு கடத்தலிலிருந்து அவரைக் காத்தவர் எதிர்க்கட்சித் தலைவர்; சொந்தக் கட்சியினர் ஆட்சியில் அவர் வாயிலில் காவலர் நின்றனர்.

1948ஆம் ஆண்டில் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்துச் சென்னையில் பெரும் மாநாடு ஒன்று கூடியது. மறைமலையடிகள் தலைமை தாங்கினார். மேடையில் ஈ.வெ.ரா. இருந்தார், அண்ணா இருந்தார், திரு.வி.க. இருந்தார். அருட்பாப் போரில் எதிரணியில் நின்றவர் தலைமையிலும், காஞ்சிபுரத்தில் வெளியேறியவர் அருகிலும் அவர் அமர்ந்து பேசினார். கடவுளைப் பற்றிய கருத்து வேறுபாடு அம்மேடையில் யாரிடமும் குறைந்திருக்கவில்லை. தமிழைப் பற்றிய உடன்பாடு இருந்தது. அன்றைய பணிக்கு அது போதுமானதாயிற்று. அவ்வாண்டே ஈரோட்டில் நடைபெற்ற திராவிடர் கழக மாநாட்டிலும் அவர் கலந்துகொண்டார். நெற்றியில் நீறு துலங்க ஒருவர் அம்மேடையில் அமர்ந்திருந்ததை எவரும் குறையாகக் கொள்ளவில்லை.

முதுமையில் அவர் கண்ணொளி இழந்தார். எழுதுவதற்கும் படிப்பதற்கும் பிறர் துணையை நாட வேண்டியதாயிற்று. அந்நிலையிலும் வாயால் சொல்லிப் பிறரை எழுதச் செய்து செய்யுள் நூல்கள் இயற்றினார். அவற்றுள் ஒன்றுக்கு முதுமை உளறல் என்றும், மற்றொன்றுக்குப் படுக்கைப் பிதற்றல் என்றும் பெயரிட்டார். தம் சொல்லே முடிந்த சொல் என்று எண்ணுபவர் எவரும் தம் நூலுக்கு அப்படிப் பெயர் சூட்ட மாட்டார்.

இரண்டாம் நூல் வெளிவந்த 1953ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் 17ஆம் நாள், திரு.வி.க. இயற்கை எய்தினார். அந்நாள் ஈ.வெ.ரா.வின் பிறந்த நாளுமாகும்.